மீசைக்கும் வாய்க்கும் பந்தயம்

பிப்ரவரி 9, 1987

விஜயன் வந்துவிட்டான். மாஜிஸ்திரேட் போட்ட உத்தரவுப்படி போதை மறுவாழ்வு நிலையத்தில் இரண்டு வருஷம் முடிந்தது. இன்னும் இரண்டு வருஷம் திங்கட்கிழமைதோறும் போலீஸ் ஸ்டேஷனில் முகம் காட்ட வேண்டும், கேட்கும்போது சிறுநீர் கொடுக்க வேண்டும். தூள் தெரிந்தால் ஜெயில், ரோத்தான் பிரம்படி.

என் தம்பி மகன். தாய் தகப்பன் இல்லாதவன். பிடிபடுவதற்கு முன்னால் என் ஒட்டுக்கடை இட்லிப் பானையையே தூக்கிப்போய் விற்றுத் தூள் அடித்தவன். அதனால் புதுப் பானையைச் சங்கிலி போட்டு ஜன்னல் கம்பியில் பூட்டி, அதற்கு ஒரு மாலையும் போட்டு வைத்திருந்தேன். வாசலில் நின்றே பார்த்துவிட்டான்.

"என்னா அத்தை, பானைக்கு ஜாமீன் கிடைக்கலையா?"

அப்பாடா. நாக்கு பழைய நாக்குதான்.

பிப்ரவரி 11

பக்கத்து வீட்டு அய்யாவு அண்ணன் வந்தார். கோர்ட்டில் கதவு திறந்துவிட்டுப் பென்ஷன் வாங்கியவர். நினைப்பு என்னவோ நீதிபதி. மீசை மட்டும் அரை முழம்.

"ஜட்ஜ் அனுப்பி எவனும் திருந்தினதில்ல தங்கமணி. தானா மனசு வந்து போகணும். கோர்ட்டு அனுப்பினவன் எல்லாம் திரும்பி வருவான். கதவுல நின்னு பாத்தவன் நான்."

"திருந்தினவன் எதுக்குண்ணே கோர்ட்டுக்கு வரான்? வந்தவன மட்டும் பாத்துட்டு எல்லாரும் வந்தான்னு சொல்றீங்க."

மீசையைத் தடவிக்கொண்டே பந்தயத்துக்குக் கூப்பிட்டார். இரண்டு வருஷத்துக்குள் விஜயன் மறுபடி பிடிபட்டால் நான் ஒரு மாதம் வாயைத் திறக்கக்கூடாது. பிடிபடாவிட்டால் அவர் மீசை போகும்.

ஒரு மாதமா? அதற்கு ஜெயிலே தேவலை. விஜயா, அத்தை உயிர் உன் கையில்.

பிப்ரவரி 20

நிலையத்தில் முடிவெட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். பழனியப்பன் சலூனில் வேலை கிடைத்தது. அய்யாவு அண்ணன் வழக்கமாகச் சவரம் செய்துகொள்ளும் கடை அது. இப்போது பஸ் ஏறி செந்தூலுக்குப் போகிறார். "தூள் அடிச்சவன் கையில கத்தி, அதுக்கு என் கழுத்தா?" என்கிறார்.

அந்தக் கழுத்து யாருக்கு வேணும்.

மார்ச் 2

ஸ்டேஷனுக்கு நானும் துணைக்குப் போனேன். சார்ஜன் என் கடையில் நாசி லெமாக் சாப்பிடுகிறவர். குப்பியைக் கொடுத்தார். விஜயனுக்கு வரவே இல்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, கைப்பிள்ளைக்குச் சொல்வதுபோல "ஷ்ஷ்ஷ்" என்று சத்தமாகச் சொன்னேன். ஸ்டேஷனே சிரித்தது. "அக்கா, போதும் லா, போதும் லா" என்று கும்பிட்டார் சார்ஜன்.

மார்ச் 15

ஞாயிறு. விஜயனுக்குப் பிறந்தநாள். ஆட்டுக்கறிக் குருமா. தேங்காய் கால் மூடிதான் இருந்தது. கெட்டியாக வரட்டும் என்று கசகசாவைக் கை நிறைய அள்ளி அரைத்துவிட்டேன். விஜயன் போட்டுப் போட்டுச் சாப்பிட்டான். அய்யாவு அண்ணனுக்கும் ஒரு கிண்ணம் அனுப்பினேன். கழுவின மாதிரி திரும்பி வந்தது.

மார்ச் 20

தூள் இருக்கிறதாம். திங்கட்கிழமை கொடுத்ததில்.

மார்ச் 21

"தொடல அத்தை. சத்தியமா தொடல" என்கிறான். முன்னாலும் இதையேதானே சொன்னான்? அதே முகம், அதே சத்தியம். கேஸ் மறுபடி கோர்ட்டுக்குப் போகும் என்று சார்ஜன் சொன்னார், என்னைப் பார்க்காமல்.

சாயங்காலம் பானையைக் கழுவிச் சங்கிலியைப் பூட்டினேன். வெளையாட்டுக்கு இல்ல. பூட்டிட்டு இழுத்து வேற பாத்தேன். திரும்பினா அவன் நிக்கிறான். ஒரு கிண்டல் பண்ணக்கூடாதா, படுபாவி — பண்ணல. நானும் பண்ணல.

அவன் பொய் சொல்றானா, இல்ல நான்தான் பாவியா?

மார்ச் 22

அய்யாவு அண்ணன் வந்து சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். பந்தயத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஜெயித்த மனுஷன் அப்படி இருந்தால் என்ன அர்த்தம்?

மார்ச் 23

மாடியில் குடியிருக்கும் சிவமலர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. ஆஸ்பத்திரி லேப்பில் வேலை. படிக்கட்டில் நான் அழுவதைப் பார்த்துவிட்டு எல்லாம் கேட்டாள்.

"அக்கா, சோதனைக்கு முதல் நாள் அவனுக்கு என்ன சாப்பிடக் குடுத்தனீங்கள்?"

குருமா என்றேன்.

"கசகசா போட்டனீங்களோ?"

"அது இல்லாம என்னா குருமா?"

"ஐயோ அக்கா. அபின் எடுக்கிற செடியின்ர விதையல்லோ அது. கூடச் சாப்பிட்டால் சோதனையில தூள் மாதிரியே காட்டும்."

அம்மிக்கல்லைப் பார்த்தேன். பிள்ளைக்குத் தூள் அரைத்துக் கொடுத்தது நானா?

சொன்னால் மட்டும் நம்ப மாட்டார்களாம். தூள் பக்கமே போகாத உத்தமர் ஒருவருக்கு அதே குருமாவைக் கொடுத்துச் சோதித்துக் காட்ட வேண்டுமாம். உத்தமரா? எனக்கு ஒருத்தரைத் தெரியும். மீசையோடு.

மார்ச் 25

நேற்று குருமா. அதே கால் மூடி, அதே கைப்பிடி. அய்யாவு அண்ணன் இலையை வழித்தே சாப்பிட்டார். இன்று விடிந்ததும், "அண்ணே, சிவமலர் ஓசியில சர்க்கரை வியாதி பாக்குது" என்றேன். ஒரு சின்னக் குப்பி போதும். ஓசி என்றதும் ஹார்லிக்ஸ் போத்தல் நிறையக் கொண்டுவந்தார்.

மார்ச் 27

அய்யாவு அண்ணன் போதைப்பித்தர். லேப்பே சொல்லிவிட்டது.

சிவமலரின் டாக்டர் சார்ஜனுக்குப் போன் போட்டு விளக்கினார். சார்ஜன் மேசையில் தலை வைத்துச் சிரித்தார். பிறகு நியாயம் கேட்க வந்து நின்ற அண்ணனிடம், "பாக்சிக், பெரியவரே, திங்கக்கிழமை நீங்களும் வாங்க லா" என்றார். விஜயன் கசகசா தொடாமல் இருந்து மறுபடி கொடுக்க வேண்டும். அண்ணன் என்னோடு பேசுவதில்லை.

ஏப்ரல் 10

சுத்தம்.

சங்கிலியைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், விஜயன் அதை எடுத்து அம்மிக்கல்லைக் கட்டிப் பூட்டியிருக்கிறான். மாலையும் போட்டிருக்கிறான்.

ஆகஸ்ட் 17, 1988

நிலையத்தில் விஜயனோடு இருந்தவர்களைப் பற்றிச் சேதி வந்தது. ஒருவன் பந்திங்கில் நல்லபடியாக லோரி ஓட்டுகிறான். ஒருவன் செலாயாங் சந்தையில் திருடி மறுபடி உள்ளே. பண்டமாரான் ஊர்ப் பையன் ஊசியோடு செத்துக் கிடந்தானாம்.

விஜயன் சாப்பிடவில்லை. "உள்ள இருந்தப்ப எல்லாரும் நல்லாத்தான் இருந்தோம் அத்தை. வெளிய வந்தா அவனுக்குப் பூட்டி வைக்கக்கூட ஒரு பானை இல்ல" என்றான்.

ஒரே உத்தரவுதான் எல்லாருக்கும். அய்யாவு அண்ணன் சொன்னதிலும் பாதி இருக்கிறதோ? அவரிடம் இதைச் சொல்ல மாட்டேன்.

பிப்ரவரி 12, 1989

உத்தரவு முடிந்தது. போகும்போது சார்ஜன் விஜயனுக்குக் கை கொடுத்தார்.

அய்யாவு அண்ணன் செந்தூல் பஸ் ஏறவில்லை. தானாகவே பழனியப்பன் சலூனுக்கு வந்து விஜயன் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கடையைச் சாத்திவிட்டு ஓடினேன். இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்த கிண்டல் கொஞ்சமா?

மீசை போனது. உரித்த பலாக்கொட்டை மாதிரி இருந்தார். "அப்படியே முகத்தையும் எடுத்துடுடா" என்று தலையைச் சாய்த்தார். விஜயன் நுரை போட்டு, கத்தியைத் தோல்வாரில் தீட்டி, கழுத்துக்கு இறக்கினான். சத்தமே இல்லை. என்னவென்று எட்டிப் பார்த்தேன்.

அண்ணன் தூங்கிவிட்டார். கத்தி கழுத்தில், மனுஷன் குறட்டை.

வாயைத் திறந்தேன். விஜயன் உதட்டில் விரலை வைத்தான்.

மூடிக்கொண்டேன்.