கேம்டனில் எடுத்த அறை

இஞ்சாருங்கோ,

லண்டனுக்குக் கல்யாணத்துக்கு வந்துவிட்டு, தன் வீட்டில் தங்காமல் ஹோட்டலில் தங்குவதா என்று கிங்ஸ்பரியில் உங்கள் அக்கா இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறா. மகள்தான் கேம்டன் சந்தைக்குப் பக்கத்தில் அறை எடுத்தாள். "அங்கையெண்டால் ஒருத்தரும் திரும்பிப் பாராயினம், அம்மா" என்றாள்.

உண்மைதான். இங்கே பச்சை முடியும் மொட்டைத் தலையுமாகப் பெண்கள் திரிகிறார்கள்.

நேற்றுச் சந்தைக் கடையொன்றில் மகள் தோடு போட்டுப் பார்க்கக் கம்பளித் தொப்பியைக் கழற்றினாள். நான் அக்கம்பக்கம் பார்த்தேன். கடைக்காரப் பெண்ணும் மொட்டைதான். வடிவாக இருக்கிறதே, தலையை எங்கே வழித்தாய் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஆஸ்பத்திரியில்" என்று சொல்லிவிட்டு உங்கள் மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலம்!

இப்போது கல்யாணத்துக்குப் புறப்படுகிறோம். தொப்பி கட்டிலில் கிடக்கிறது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

உங்கட மனுசி