அக்கா, உன் கண்ணில் இருந்தது கட்டி

எனக்குத் தலைவாரிப் பின்னிவிட்ட என் அக்காவுக்கு,

நீ போன பிறகும் உன்மேல் இருக்கும் கோபம் எனக்குத் தீரவில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். பெருமுக்கல் மாலாவுக்குக் கண்ணுக்குப் பின்னால் இருந்த கட்டியை எடுத்துவிட்டார்கள். மூக்கு வழியாக, அக்கா! முகத்தில் ஒரு கீறல் இல்லை.

மாலா யாரென்று உனக்குத் தெரியாது. அவளுக்கு உன்னைத் தெரியும். மேல்மலையனூர்ப் பக்கத்தில் உன் வீட்டில் உன் படத்தை மாட்டி, உன் புருஷன் அமாவாசைக்கு அமாவாசை கற்பூரம் காட்டுகிறாரே, அங்கேதான் வந்தாள். அவளுடைய வலது கண், உன் கண்ணைப் போலவே வெளியே தள்ளியிருந்தது. "இங்க வந்து கும்பிட்டா சரியாப்பூடும்னாங்கக்கா" என்றாள்.

உன் கண் புடைத்தபோதும் இதே வீடுதான். "ஆத்தா கண்ணுல வந்து குந்திக்கினா" என்று மாமா ஊரைக் கூட்டினார். டாக்டரிடம் போகலாம் என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். "ஆத்தா குந்தன எடத்துல மிஷினு வெக்கறதா? வாயக் கழுவு" என்று என்னை வாசலோடு திருப்பி அனுப்பினார்.

நீயாவது கிளம்பியிருக்கலாம். "வுடுடி. இந்த வூட்ல இப்பத்தான் எனக்கு மொத சோறு போடறாங்க" என்று சிரித்தாய். அதுவரை எல்லோரும் தின்று மீந்ததுதான் உனக்கு. கண் வீங்கிய பிறகுதான் உன் மாமியார் உன்னை உட்காரவைத்துப் பரிமாறினாள். ஒரு வாய் மரியாதைச் சோற்றுக்கு உயிரையே கொடுப்பாயா? தலைவலி தாங்காமல் நீ சுவரில் முட்டிக்கொண்டதைக்கூட அருள் வந்துவிட்டது என்றார்கள். அந்த வலியோடு, காலில் விழுந்தவர்களுக்குத் திருநீறு வேறு கொடுத்தாய். எப்படி முடிந்தது உன்னால்?

மாலாவை நான் விடவில்லை. அவள் புருஷனைத் திட்டி, இருவரையும் விழுப்புரத்துக்கு இழுத்துக்கொண்டு போய் ஸ்கேன் எடுக்க வைத்தேன். அங்கிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். கண் டாக்டரும் மூக்கு டாக்டரும் சேர்ந்து ஆபரேஷன் செய்தார்கள். மூக்குத் துளையில் சின்ன கேமராவை விட்டு, மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய எலும்பைத் திறந்து, அந்த வழியாகவே கட்டியை வெளியே எடுத்தார்களாம். "கட்டி மூக்குப் பக்கமா இருந்துச்சும்மா, அதனால இப்படிப் பண்ண முடிஞ்சது. எல்லாருக்கும் முடியாது" என்றார் டாக்டரம்மா.

என் அக்காவுக்கு முடிந்திருக்குமா என்று கேட்டேன்.

"அவங்க ஸ்கேன் இருக்கா?" என்றார்.

அக்கா, எடுத்திருந்தால்தானே!

போன அமாவாசைக்கு மாலாவும் நானும் உன் வீட்டுக்குப் போனோம். அவள் கண் பழையபடி உள்ளே இறங்கியிருந்தது. மாமா பார்த்தாரோ இல்லையோ, கூட்டத்தைப் பார்த்துக் கூவினார்: "பாத்தீங்களா, எம் பொண்டாட்டி பார்வ பட்டுச்சு, சரியாப்பூடுச்சு!" மாலா பதறிப்போய், "இல்லண்ணா, ஆஸ்பத்திரில மூக்கு வழியா எடுத்தாங்க" என்றாள். அதற்குள் மணி அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். உன்னைச் சாகவிட்ட மனுஷன், மாலா பிழைத்ததற்கும் பங்கு கேட்கிறார்.

அடுத்த அமாவாசைக்கு வருகிறேன். வீங்கிய கண்ணோடு இருக்கும் அந்தப் படத்தை இறக்கிவிட்டு, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நீ ஐஸ் தின்றுகொண்டு நிற்கிற படத்தை மாட்டுவேன். அதில் உன் இரண்டு கண்ணும் சரியாக இருக்கின்றன. மாமா தடுத்தால் தடுக்கட்டும். கும்பிட வருகிறவர்களிடம் அங்கேயே நின்று சொல்வேன்: இவள் ஆத்தா இல்லை, ஒரு ஸ்கேன்கூட எடுக்க விடாமல் இவர்கள் சாகவிட்ட பொம்பளை, நீங்கள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் என்று.

அந்த வீட்டில் உன்னை இன்னும் அக்கா என்றே கூப்பிடப்போகிற ஒரே ஆள்,
உன் தங்கச்சி செல்வி