பனி மஞ்சளாகத் தெரிந்த வாரம்

பிப்ரவரி 7, 1791. நியூபரிபோர்ட்

ஆறு உறைந்துவிட்டது. கப்பல் எதுவும் நகராது. நகர எனக்கும் மனமில்லை.

என் மனைவி கெசையா பத்தொன்பது நாளாக நாற்காலியிலேயே இருக்கிறாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது. காலை அழுத்தினால் விழுகிற குழி, ஈர உப்பு மூட்டையில் விழுந்ததுபோல அப்படியே நிற்கிறது. டாக்டர் டென்னி இன்று ஐந்தாம் முறையாக நரம்பு கீறி இரத்தம் எடுத்தார். பாதரச உருண்டையால் அவள் ஈறெல்லாம் புண். கடல்வெங்காயக் காடியால் குமட்டியதுதான் மிச்சம். ஊரிலுள்ள மருந்தெல்லாம் அவள் உடம்பில் வந்து இறங்கிவிட்டது. கோத்திருக்கிற நீர் மட்டும் கிளம்பவில்லை.

பிப்ரவரி 10

டென்னி வாசலில் நின்று சொன்னார்: "பாதிரியாரை வரச் சொல்லும், லேன்."

வேறு ஒன்றுமே இல்லையா என்றேன். தொப்பியைத் திருப்பிக்கொண்டே சொன்னார்:

"ஒரு இலை இருக்கு. இங்கிலாந்துல ஒரு டாக்டர் இந்த வீக்கத்துக்குக் கொடுத்துப் பார்த்து எழுதியிருக்கார். கொஞ்சம் கூடினா ஆளையே கொண்டுபோயிரும்."

"எங்கே கிடைக்கும்? ஆள் அனுப்பறேன்."

"உம்ம வேலியிலதான்யா! போன கோடையில உம்ம சம்சாரம்தான் ஒரு கூடை பறிச்சுக் கொடுத்தா."

விரலுறைப் பூ! விதை வாங்கி அவள் நட்டபோது, விற்காத சரக்குக்கு எதற்கு இடம் என்று கேட்டவன் நான்.

காய்ந்த இலைப்பொடியைச் சிட்டிகையிலும் சிறிதாகப் பொட்டலம் கட்டினார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. வாந்தி, நாடி, கண் — மூன்றில் எது மாறினாலும் அன்றே நிறுத்த வேண்டும்.

பிப்ரவரி 12

ஒன்றுமில்லை.

பிப்ரவரி 13

சிறுநீர் இறங்கத் தொடங்கிவிட்டது. சட்டிகள் போதாமல், கரும்புப்பாகு அளக்கும் செம்புப் படியைக் கிடங்கிலிருந்து கொண்டுவந்தேன். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை இரண்டு கேலன். இரண்டு கேலன்! அளப்பதையே பிழைப்பாகக் கொண்டவன் நான். என் கையளவையே நம்ப முடியவில்லை.

பிப்ரவரி 15

படுத்துத் தூங்கினாள். மல்லாந்து. குழந்தைபோல.

அவள் கணுக்கால் எலும்பு தெரிகிறது. தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அவள் தங்கை ஜெருஷாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அத்தான், அந்தப் படியில இனிமே பாகு அளந்தீங்க, ஊரே உங்க கடைப்பக்கம் வராது!" கெசையாவும் சிரித்தாள். மூச்சு வாங்கவில்லை.

வேலியோரம் பனியைக் கையால் தோண்டினேன். அடியில் அந்த இலைகள், சாம்பல் பச்சையில், கம்பளித்துணிபோல. கடலிலும் கரையிலும் எவ்வளவோ பார்த்தவன் நான். இதன் முன்னால் ஏன் தொப்பியைக் கழற்றினேன்? தெரியவில்லை. தலை சில்லிட்ட பிறகுதான் கவனித்தேன்.

பிப்ரவரி 17

டென்னி ஹேவரில் ஊருக்குப் போயிருக்கிறார். நாளைதான் வருவார்.

ஜன்னலோரம் உட்கார்ந்து கெசையா சொன்னாள்: "ஏங்க, பனி மேல யாரோ வெண்ணெய் தடவின மாதிரி இருக்கு. எல்லாமே மஞ்சள்." வெயில் படுகிறது என்றேன். பிழைத்தவளுக்கு உலகம் அழகாகத் தெரிகிறது என்று எனக்குள் மகிழ்ந்தேன்.

காலில் இன்னும் சிறிது வீக்கம் இருக்கிறது. மாலையில் இரண்டு பொட்டலம் கொடுத்தேன். காற்று சாதகமாக இருக்கும்போது பாயைச் சுருட்டுவானா எவனும்?

பிப்ரவரி 18

விடிந்ததிலிருந்து வாந்தி. உதடு நீலம். டென்னி கடிகாரத்தை வைத்து நாடியை எண்ணினார். முப்பத்தாறு.

"கண்ணுன்னு சொன்னேனே!"

"மங்கலா தெரியும்னு நினைச்சேன். இவளுக்கு நல்லாத்தானே தெரிஞ்சுது! மஞ்சளா… நேத்து சாயங்காலம் ரெண்டு பொட்டலம் கொடுத்துட்டேன்."

"மஞ்சள்தான்யா அது! கூடக் கொட்டினா லாபம்கிறது உம்ம கிடங்குல. இது உயிரு."

நான்தானே கொடுத்தேன், என் கையால! மீதிப் பொட்டலங்களை டென்னி அடுப்பில் போட்டார். மாற்று மருந்து? இல்லையாம். ஒரு சிட்டிகை இலை அவள் இதயத்தைப் பிடித்து நிறுத்துகிறது. அதற்கு எதிராக மனுஷன் கையில் எதுவும் இல்லை.

பிப்ரவரி 19

முப்பத்தெட்டு. நானே எண்ணுகிறேன். நடுவே ஒரு துடிப்பு வராமல் போகிறது. அடுத்தது வரும்வரை நானும் மூச்சு விடுவதில்லை.

பிப்ரவரி 20

நாற்பத்திரண்டு. கஞ்சி தங்கியது.

பிப்ரவரி 23

ஐம்பத்தாறு. நான் செய்ததை அவளிடம் சொன்னேன். என் கையைப் பார்த்தாள். பிறகு, "வேலிச் செடியைப் பிடுங்கிடாதீங்க," என்றாள்.

மார்ச் 4

புதுப்பனி பெய்திருக்கிறது. கெசையா தானாக எழுந்து ஜன்னல்வரை நடந்தாள். நான் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். கேட்கப் பயம்.

"பனி வெள்ளையாத்தான் இருக்கு," என்றாள்.

பிறகு திரையை விரலால் தூக்கிப் பார்த்தாள். "இதுதான் மஞ்சள். ஒரு மாசமா யாரும் இதைத் துவைக்கலையா? ஏய் ஜெருஷா!"

ஜெருஷா வெந்நீர் போட்டுக்கொண்டிருக்கிறாள். திரையை நான்தான் கழற்றினேன்.