வரிசைப்படுத்திய பட்டியல்

நேற்று அலமாரியைக் காலி செய்தபோது, பழைய கோப்பிலிருந்து நாசி லெமாக் சோறு கட்டிய பழுப்புத் தாள் ஒன்று விழுந்தது. அதில் உன் கையெழுத்தில் ஒரு மரம். உச்சியில் மாலதி, அதற்குக் கீழே இடப்பக்கம் கவிதா, வலப்பக்கம் ராஜு.

பிரிக்ஃபீல்ட்ஸில் நம் கல்லூரிக்கு எதிர்க்கடையில், கணினிப் பாடத்தை எனக்கு விளக்க அதை வரைந்தாய். அகர வரிசையில் முந்திய பெயர் இடப்பக்கம், பிந்தியது வலப்பக்கம். ஒவ்வொரு பெயருக்குக் கீழும் இதே விதி. அதனால் தேடும்போது ஒரு பக்கத்தை அப்படியே விட்டுவிடலாம் என்றாய். எல்லாப் பெயரையும் வரிசையாக எடுக்க என்ன வழி என்று கேட்டேன்.

"மொதல்ல லெஃப்ட் சைட் முழுக்க முடி, அப்புறம் நடுவுல உள்ள பேரு, அப்புறம் ரைட். தானா வரிசையா வந்துரும்லா," என்றாய். எனக்குப் பாதிதான் ஏறியது.

இறுதியாண்டு புராஜெக்டுக்காகக் கிள்ளானில் ஒரு கோயிலுக்குப் பால்குடப் பதிவுக்கான கணினி நிரல் எழுதினோம். மரத்தில் பெயர் சேர்க்கும் பகுதி உன்னுடையது, பட்டியல் என்னுடையது. நாற்பது பெயரை வைத்துச் சோதித்தபோது ஒழுங்காக ஓடியது. பால்குடச் சீட்டு கொடுக்கும் நாளன்று காலையில், ஆயிரத்துச் சொச்சம் பெயரையும் ஏற்றும் முன், பார்க்க நன்றாக இருக்கட்டுமே என்று அவற்றை அகர வரிசைப்படுத்தினேன். உன்னிடம் சொல்லவில்லை.

அடுத்தடுத்து வந்த ஒவ்வொரு பெயரும் அகர வரிசையில் பிந்தியதாகவே இருந்ததால், முந்தையதற்கு வலப்பக்கமே போனது. கிளையே இல்லாமல் ஒற்றைக் கொடியாக நீண்டது மரம். உன் நிரல் படிப்படியாகக் கீழே இறங்கி, ஒரு கட்டத்தில் அதற்கு மேல் முடியாமல் நின்றுவிட்டது. வெளியே வாசல்வரை வரிசை. கோயில் செயலாளர் என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"என் கோடிங்லதான் தப்பு, அங்கிள்," என்றாய். நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதிச் சமாளித்தார்கள்.

அன்று மாலையே எனக்குக் காரணம் புரிந்துவிட்டது. மதிப்பெண் போய்விடுமோ என்று வாயை மூடிக்கொண்டேன். கோழைத்தனம்தான், வேறு பெயர் இல்லை. படிப்பு முடிந்ததும், கோடிங் உனக்குச் சரிப்படாது என்று துறைமுகத்தில் சரக்கு ஆவண வேலைக்குப் போனாய். நான் மறுத்துப் பேசவில்லை. இன்று எனக்குக் கீழே எட்டுப் பேர் நிரல் எழுதுகிறார்கள்.

போன ஆண்டு நோய் உன்னைக் கொண்டுபோனது. கேரி தீவில் உன் கருமாதி முடிந்து கிளம்பும்போது உன் கணவர் கார்வரை வந்தார்.

"அந்தக் கோயில் லிஸ்ட சோர்ட் பண்ணது நீங்கதானே? அவ அன்னைக்கே கண்டுபிடிச்சிட்டா. நீங்களே சொல்வீங்கன்னு இருந்தா," என்றார். அவர் குரலில் கோபம் இல்லை.

ஒவ்வொரு தீபாவளிக்கும் உன் வீட்டுக்கு வருவேன். பலகாரத் தட்டை நீட்டிவிட்டு நீ என் முகத்தையே பார்ப்பாய். நான் முறுக்கு நன்றாக வந்திருக்கிறது என்பேன். அந்தப் பார்வை இன்னும் என்னை விடவில்லை.

உன் நிரலைக் கவிழ்த்தது என் பட்டியல். இதைச் சொல்ல எனக்குப் பதினோரு தீபாவளி இருந்தது.