சந்தியாவின் படம்

ருவைஸ்,
15.11.2006

விமல் அப்பாவுக்கு ஜோதிமணி எழுதுவது. நான் சுகம். நீங்களும் உங்கள் அம்மாவும் சுகமாகத்தான் இருப்பீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. விமலுக்குச் சளி விட்டதா?

நான் வேலை பார்க்கும் வீட்டு மேடம் லீவில் தன் ஊரான மெக்சிகோவுக்குப் போனபோது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்னையும் கூட்டிப்போனார். அங்கே செத்த பிள்ளைகளுக்கென்றே ஒரு நாள் உண்டு. வீட்டுக்குள்ளேயே படம் வைத்து, செண்டிப்பூ பரப்பி, மிட்டாய் படைக்கிறார்கள். உனக்கு யாராவது உண்டா என்று மேடத்தின் அம்மா கேட்டார்.

"மக இருந்தா. நாலு வயசுல காய்ச்சல்ல போயிட்டா," என்றேன். படம் எங்கே என்றார். "என் வீட்டுக்காரரு எரிச்சுட்டாரு."

மேடம் அதை அவர்கள் பாஷையில் சொன்னதும், அந்த அம்மாள் தன் மகனின் படத்தைத் தள்ளிவைத்து இடம்விட்டார். அந்தக் காலி இடத்தில் மிட்டாய் வைத்துக் கும்பிட்டேன்.

செத்த பிள்ளை படம் வீட்டுக்கு ஆகாது என்றது உங்கள் அம்மா. தீக்குச்சி கிழித்தது நீங்கள். இரண்டு பேரையும் நான் மன்னிக்கவில்லை.

பால்வாடி டீச்சரிடம் சந்தியா இருக்கிற குரூப் போட்டோ இருக்கும். வாங்கி அனுப்புங்கள். அது வராமல் நான் ஊருக்கு வரமாட்டேன். இப்போதெல்லாம் கண்ணை மூடினால் அவள் சட்டைதான் தெரிகிறது, முகம் வரமாட்டேன் என்கிறது.

மேடம் கூப்பிடுகிறார்.

ஜோதிமணி