நீ அடித்துவிட்ட வார்த்தை

குட்டி,

முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன். வெறும் வயிற்றோடு இன்டர்வியூவுக்குப் போகாதே. சாவியை மேல்வீட்டு அக்காவிடம் கொடுத்துவிடு.

நேற்று நீ உன்னைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதிவைத்துப் பேசிப் பழகிக்கொண்டிருந்தாய். "ஐ ஆம் மெட்டிகுலஸ்" என்றதும், என் தோழிகள் முன்னால், "அர்த்தம் தெரியுமாடி வெள்ளைக்காரி?" என்று சிரித்தேன். நீ பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தாய்.

அர்த்தம் தெரியாதது எனக்குத்தான். அவர்கள் போனபிறகு குளியலறைக்குள் நின்று போனில் தேடினேன். சின்ன விஷயத்தையும் விடாமல், பார்த்துப் பார்த்துச் செய்கிறவர் என்று போட்டிருந்தது.

காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சீருடையை எடுத்தேன். எப்போதும்போல் காலரின் உள்பக்கம்கூடத் தேய்த்திருந்தாய். நானே கவனிக்காத ஒரு தளர்ந்த பொத்தானை அதே நிற நூலால் இறுக்கித் தைத்திருந்தாய். நான் அப்படிச் சிரித்த பிறகும். போட்டுக்கொள்ளக் கூசியது.

அந்த வரியைத் திரும்ப எழுது.

அக்கா

குடை கதவுக்குப் பின்னால் இருக்கிறது.

அங்கே உதாரணம் கேட்டால் என் பொத்தானைச் சொல். நான் சிரித்ததை மட்டும் சொல்லிவிடாதே.