எலியின் கால் நரம்பு

பசறை
17.01.1982

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சி வேலாயி எழுதுவது. நலம் என்று எழுதப் பேனா வரமாட்டேன் என்கிறது. நீங்கள் இலங்கையை விட்டுக் கப்பலேறி இரண்டு வருசம், வந்த கடிதம் மூன்றுதான். மெட்ராஸ் தண்ணீர் குடித்தால் கூடப்பிறந்தவளை மறந்துபோகுமோ?

உங்கள் மாப்பிள்ளை நிழல்மரத்தில் கிளை வெட்டப் போய் விழுந்து இந்தத் தையோடு மூன்று வருசம். இடுப்புக்குக் கீழே இன்னும் அப்படியேதான். போன கிழமை ஒரு அட்டை அவர் காலில் குடித்துக் கொழுத்துக் கிடந்தது. போர்வையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. "யாரு காலோ மாதிரி இருக்கு வேலாயி" என்று சிரித்தார். நான் லயத்து வீடுகளுக்குப் பின்னால் போய் அழுதேன்.

நீங்கள் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகிறவர். எத்தனை டாக்டரைப் பார்ப்பீர்கள். ஒருவரிடமாவது கேளுங்கள் அண்ணே. அறுந்த நரம்பு திரும்ப முளைக்காதா? கவ்வாத்தில் மொட்டையாக வெட்டின தேயிலையே முளைக்கிறதே.

உங்கள் வேலாயி

சென்னை
20.02.1982

அன்புத் தங்கச்சிக்கு,

கேட்டேன். முதுகுத்தண்டு நரம்பு தானாக முளைக்காதாம். ஆனால் வெளிநாட்டில் ஒரு எலியின் கால் நரம்பை வெட்டி எடுத்து முதுகுத்தண்டில் பொருத்திப் பார்த்தார்களாம். அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டு தண்டின் உள்நரம்பு வளர்ந்ததாம்! எனக்கு அன்று சந்தோசத்தில் சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளைக்கு இதை வாசித்துக் காட்டு.

உன் அண்ணன் அழகர்

பசறை
14.03.1982

அன்புள்ள அண்ணனுக்கு,

ஏழு தடவை வாசிக்கச் சொன்னார். விழுந்த நாளிலிருந்து இப்போதுதான் தன் கையால் சவரம் செய்துகொண்டார். விடிந்ததும் "எலி நடந்திருக்குமா?" என்கிறார்.

முடிவு பண்ணிவிட்டோம். எங்களுக்கும் இந்தியப் பாஸ்போட் இருக்கிறது, அவர் விழுந்ததால்தானே நின்றோம். சித்திரை கழிந்ததும் இந்தியா வரக் கப்பலுக்குப் பேர் கொடுக்கிறேன். தோட்டத்துப் பதிவில் பேர் வெட்டினால் நாங்கள் குடியிருக்கிற இந்தக் காம்பராவும் போய்விடும், திரும்பி வர வழியில்லை. பரவாயில்லை, அவர் நடந்தால் போதும். லயத்து ஆட்கள் கம்பளியில் தொட்டில் கட்டி பஸ் வரைக்கும் தூக்கி வருவார்கள், அவர் விழுந்த அன்றைக்கு நீங்கள் தூக்கினீர்களே, அதுபோல.

வேலாயி

சென்னை
04.04.1982

வேலாயி,

பேர் கொடுக்காதே. கொடுத்திருந்தால் ஓடிப்போய்த் திருப்பி வாங்கு. இங்கே வைத்தியம் இல்லை. எலி நடந்தது என்று டாக்டர் சொல்லவில்லை. மனிதனுக்கு வர எத்தனை வருசமோ, வருமோ வராதோ என்றும் சொன்னார். அதை நான் எழுதாமல் விட்டேன். எனக்கே அதை நம்ப மனமில்லை.

இங்கே முதுகில் அடிபட்டவனைப் பலகையில் நேராகக் கிடத்துவார்கள். மடங்கினால் உடைந்த எலும்பு நரம்பை நசுக்கிவிடுமாம். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்த அன்று கக்கூசுக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

மரத்தடியில் கிடந்த மாப்பிள்ளை என்ன சொன்னார், ஞாபகம் இருக்கிறதா? "கால்ல அட்டை கடிக்குது, புடுங்கு மச்சான்." அப்போது அவருக்குக் கால் இருந்தது, வேலாயி. நாங்கள் அவரைக் கம்பளியில் மடக்கிக் கட்டி, இரண்டு மைல் குலுக்கிக்கொண்டு இறங்கினோம். ரோட்டில் இறக்கியபோது காலெல்லாம் அட்டை. அவர் புடுங்கச் சொல்லவில்லை.

அவர் காலை எடுத்தவன் நான். அதனால்தான் உனக்குக் கடிதம் எழுதக் கை வரவில்லை. இனி அவரைக் கம்பளியில் தூக்க விடாதே.

அழகர்

பசறை
09.05.1982

அண்ணனுக்கு,

பேர் கொடுக்கவில்லை.

உங்களைத் திட்டி நாலு கடிதம் எழுதினேன். நாலையும் அடுப்பில் போட்டேன். அந்தக் கம்பளி யாருடையது? மழைக்கு நான் போட்டிருந்தது. என் தலையிலிருந்து எடுத்துத் தந்தேன். "சீக்கிரம் தூக்குங்க, சீக்கிரம்" என்று கத்தினதும் நான்தான். இன்றைக்கும் அதைத்தான் அவருக்குப் போர்த்துகிறேன். உங்களை நான் என்ன சொல்ல?

உங்கள் கடிதத்தை அவருக்கு வாசிக்கவில்லை. கப்பலில் இடம் இல்லையாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அண்ணன் கடிதம் வந்ததா என்று தினமும் கேட்டவர், இப்போது கேட்பதில்லை. பத்து நாளாகச் சவரமும் இல்லை, சாப்பாடும் சரியில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

அண்ணே, இன்னொரு கடிதம் எழுதுங்கள். எலி நடக்க வேண்டாம். பின்னங்காலை ஒரு தடவை அசைத்தது என்று மட்டும் எழுதுங்கள். நான் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

உங்கள் தங்கச்சி வேலாயி